சிவப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம்

மூலிகைச் செம்மல் சாம்பசிவம் தம் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டபோது, எங்கே படித்தீர்கள் என்று மலேசியாவின் கேமரன் மலையில் யாரும் கேட்கவில்லை. திரிங்காப்பில் உரம் விற்ற மனிதர் கம்போங் ராஜாவுக்குக் கடையை மாற்றினார். வழியில் எங்கோ டாக்டராகிவிட்டார். எஸ்டேட் கோயில் மண்டபத்தில் அவருக்கு மாலை போட்டு வரவேற்றவள், அங்கே கொழுந்து வெட்டும் வசுமதியின் மாமியார் சாரதா.

அன்று அவர் இரண்டு கோழிமுட்டைகளைத் தட்டில் உடைத்துக் காட்டினார். ஒன்று வெளிறிக் கிடந்தது. மற்றது செக்கச் சிவந்து திரண்டு நின்றது. முதலாவது, சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்ணின் கருமுட்டையாம். இரண்டாவது, தம்முடைய இமயமலை மூலிகைச் சாற்றைக் குடித்தவளுடையதாம். பெண்கள் வாயடைத்துப் போனார்கள். இதில் கோழிக்கு என்ன வேலை என்று கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வசுமதிக்கும் தோன்றவில்லை. நீர்க்கட்டியால் பிள்ளை தங்காமல், செயற்கைக் கருத்தரிப்புக்காக ஈப்போ நகரத்து மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கருமுட்டை எடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. இது தவறினால் இன்னொரு முறைக்குக் கையில் பணமில்லை. அந்தப் பயத்தில் காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாற்றைக் குடித்தாள். ஈப்போ டாக்டரிடம் மூச்சு விடக்கூடாது என்பது சாரதாவின் கட்டளை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களாம்.

ஈப்போவுக்குப் போவதற்கு முந்தின நாள், பனிமூட்டத்தில் கொழுந்து வெட்டப் போனவள் வழியிலேயே நின்றுவிட்டாள். தேயிலை நிரைகளுக்கு நடுவே செம்மல் வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்தார். களைச்செடிகளைப் பிடுங்கி அரிசிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவளுக்கும் இடையே சிவப்பு நாடா. களைக்கொல்லி அடித்த சரிவில் கட்டுகிற நாடா அது. அதைத் தாண்டி நாயைக்கூட விடமாட்டார்கள். அதற்கும் முந்தின நாள் அங்கே மருந்தடித்து அதைக் கட்டியவன் அவள் புருஷன் தர்மா.

"ஐயா, இமயமலையிலேருந்து வருதுன்னீங்களே?"

"மலை மலைதானம்மா. இதுவும் அஞ்சாயிரம் அடி லா."

"நாடா கட்டியிருக்கே."

"கட்டுனாத்தான் நல்லது. கண்டவனும் வந்து பறிக்க மாட்டான்," என்றார் நிதானமாக. "எப்பவும் இப்படித்தான் எடுக்கிறேன். அப்பறம், கழுவித்தானே காய்ச்சுறோம்."

எப்பவும்.  இத்தனை நாள் வசுமதியின் நாக்கில் நின்ற கசப்பு மூலிகையுடையதா, களைக்கொல்லியுடையதா? வீட்டுக்கு வந்து சாரதாவிடம் மட்டும் சொன்னாள். சாரதாவின் முகம் வெளுத்தது. ஆனால் மாலை போட்ட கை அல்லவா, அவர் படிச்சவரு, தெரியாமச் செய்ய மாட்டாரு என்று முடித்துவிட்டாள். தர்மாவிடம் சொல்ல வசுமதிக்கு வாய் வரவில்லை.

ஈப்போவில் வசுமதி, தர்மா, சாரதா மூவரும் டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சிரித்தார். முட்டைகள் நன்றாக வளர்ந்திருக்கின்றனவாம்; நாளை மறுநாள் எடுத்துவிடலாமாம். சாரதா மேசைக்கு அடியில் மருமகளின் தொடையை அழுத்தினாள். வாயைத் திறக்காவிட்டால் போதும், எல்லாம் நடந்துவிடும்.  எடுத்து, சேர்த்து, வயிற்றில் வைத்த பிறகு அது என்னவாக வளரும் என்று வசுமதி நினைத்தாள்.

"டாக்டர், நான் ஒரு சாறு குடிச்சேன். களைக்கொல்லி அடிச்ச எடத்துல பறிச்ச செடி."

டாக்டரின் சிரிப்பு நின்றது. என்ன களைக்கொல்லி என்று கேட்டார். வசுமதிக்குத் தெரியாது. அவள் தர்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தர்மா முதலில் அவளைப் பார்த்தான், பிறகு அம்மாவை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  அவன் மருந்தின் பெயரை யாரையோ காட்டிக்கொடுப்பவன்போல மெல்லச் சொன்னான்.

"இந்த மாசம் எடுக்க வேணாம்," என்றார் டாக்டர். "மொதல்ல ரத்தத்தப் பாக்கணும்."

"அடுத்த மாசம் எடுக்கலாமா, டாக்டர்?" என்று கேட்டாள் வசுமதி.

 அதற்குள் டாக்டர் ஃபோனை எடுத்து, விஷமுறிவுப் பிரிவை அவசரமாகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.