கோபிகாவின் கலியாணத்துக்கு வந்த பென்ஸ்

பஞ்சலிங்கம் ஜெர்மனியில் பென்ஸ் செய்கிறார் என்றுதான் பொலிகண்டி முழுக்கப் பேச்சு. உண்மையில் அவர் பிறேமன் நகரத்து ஆலையில் கார்களுக்குக் கதவு பொருத்துகிறவர். நீண்ட வரிசையில் ஆளுக்கொரு வேலை, அவருக்கு வாய்த்தது கதவு. ஆனால் ஊர்வாய்க்கு ஒரு கதவு எந்த மூலைக்கு? அது முழுக் காரையும் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டது. அப்படிக் கொடுத்தவர்களில் முதல் ஆள் அவருடைய சொந்தத் தங்கை குணலட்சுமி.

மகள் கோபிகாவின் கலியாணத்துக்காகக் குணலட்சுமி யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளைப் பென்ஸை வாடகைக்குப் பிடித்திருந்தாள். பிடித்த நாளிலிருந்து அவளுக்கு வாய் ஓயவில்லை. வல்வெட்டித்துறையில் இருக்கும் சம்பந்தி வீடு வரைக்கும், அது தன் அண்ணை செய்த கார் என்று சொல்லிவைத்துவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக நின்று ஆளாக்கியவள். சம்பந்தி ஆழ்வாப்பிள்ளையோ கப்பலில் வேலை பார்த்து உலகமெல்லாம் சுற்றிய மனிதர், அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் எந்தத் தேசத்துச் சாமானும் இருக்கும். அந்த வீட்டுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க அவளுக்கும் ஏதாவது ஒன்று வேண்டாமா?

லீவு கடைசிவரை இழுபறிப்பட்டு, கலியாணத்துக்கு முதல்நாள்தான் பஞ்சலிங்கம் வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை பூச்சரம் கட்டிய பென்ஸ் படலைக்கு வந்து நின்றது. மாப்பிள்ளையை அழைத்துவரத் தாய்மாமனும் பெண்ணின் தம்பி கீர்த்திகனும் போகவேண்டும். பஞ்சலிங்கம் கதவைத் திறந்தார். பழக்கதோஷம், கண் நேரே கதவுத்தூணில் இருந்த தகட்டுக்குப் போனது. அதில் பொறித்த சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து, கார் எந்த ஆலையில் பிறந்தது என்று சொல்லும். அது பிறேமனுடைய எழுத்து அல்ல, தென்னாபிரிக்காவுடையது. இதே காரை அவருடைய ஆலையிலும் செய்கிறார்கள், சீனாவிலும் செய்கிறார்கள், வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்ததில் ஏராளமாகத் தென்னாபிரிக்காவிலும் செய்கிறார்கள். அவருக்குத் தெரியாத விஷயமா? தங்கை சொல்லிச் சொல்லி, அவரும் ஆசைப்பட்டு நம்பிவிட்டார்.

தங்கையை ஒதுக்கமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது.

“இதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. இண்டைக்கு ஒருநாள் மட்டும்.”

சொல்லிவிட்டு நிறைகுடத்தைப் பார்க்கப் போய்விட்டாள். தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்துக் கார் புறப்பட்டது.

சம்பந்தி வீட்டு வாசலில் அரைவாசி ஒழுங்கையே கூடி நின்றது. ஆழ்வாப்பிள்ளை பட்டுவேட்டியோடு இறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இது பஞ்சலிங்கம் தன் கையால் செய்த காராமே என்று, நாலு பேருக்குக் கேட்கிறமாதிரி விசாரித்தார்.

ஓம் என்றால் காரியம் முடிந்தது. ஆனால் பஞ்சலிங்கத்தின் கை அப்போதுதான் சாத்திய கதவில் இருந்தது. நல்ல கதவு. ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தது. அதைப் பொருத்தியவன் தன்னைப் போல விடியவெள்ளன எழும்பி, பஸ் பிடித்துப் போய், முதுகு நோவோடு நிற்கிறவன்தானே. அவன் பட்ட பாட்டைத் தான் பட்டதாகச் சொல்ல வாய் வரவில்லை. தங்கையின் வாடிய முகம் நினைவில் வந்தது. என்றாலும் சொன்னார்.

“இல்லை. நான் கதவு பொருத்துற ஆள். இந்தக் கார் எங்கடை ஆலையிலை செய்ததும் இல்லை. தென்னாபிரிக்காவிலை, ஈஸ்ட் லண்டன் எண்ட ஊரிலை செய்தது. தங்கச்சி அறியாமல் சொல்லிப்போட்டா. குறை நினைக்காதேங்கோ.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கீர்த்திகன் தலையைக் குனிந்துகொண்டான். ஆழ்வாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பெயரில்தான் லண்டன், ஊர் ஆபிரிக்கக் கரையில் கிடக்கிறது என்று கூட்டத்துக்கு விளக்கிவிட்டு, பஞ்சலிங்கத்தின் தோளில் கையைப் போட்டார்.

“அந்தத் துறைமுகத்திலை உந்தக் காருகளை எத்தினை தரம் கப்பலிலை ஏத்தினனாங்கள். கீறுப்படக்கூடாதெண்டு மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழட்ட வைச்சிடுவாங்கள். ஆனா இதையும் நான்தான் ஏத்தினனெண்டு நானும் சொல்லமாட்டன்.”

இப்போது சிரித்தவர் பஞ்சலிங்கம். அதற்குப் பிறகு சம்பந்திகள் இருவரும் பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை சயந்தன் தலைப்பாகையோடு வாசற்படியில் காத்து நின்றான், அவனைக் கவனிக்க ஆளில்லை. முகூர்த்தம் போகுது என்று கீர்த்திகன் வந்து இருவரையும் இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

மண்டபத்துக்குக் கார் வருமுன்னமே கதை வந்துவிட்டது. தாலி கட்டி முடியும்வரை குணலட்சுமி தமையன் பக்கம் திரும்பவே இல்லை. பந்தி நடக்கும்போதுதான் அவரைத் தேடி வந்தாள். ஏச்சு வாங்கத் தயாராக நின்ற பஞ்சலிங்கம், தன்னோடு கோபமா என்று முந்திக்கொண்டு கேட்டார்.

“முதல்லை கோபம்தான்,” என்றாள். “என்ரை கலியாணத்துக்கு நீங்கள் வரேல்லை. இவர் செத்ததுக்கும் வரேல்லை. இதுக்கும் வரமாட்டியள் எண்டுதான் நினைச்சனான். ஆள் வராட்டி உங்கடை கை பட்ட ஒண்டாவது என்ரை வாசல்லை வந்து நிக்கட்டுமெண்டுதான் அந்தக் காரைப் பிடிச்சனான். நீங்களே வந்து நிக்கிறியள். இனி அது எந்த ஊர்க் காரெண்டால் எனக்கென்ன?”

அத்தனை சனத்துக்கு நடுவில் பஞ்சலிங்கம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.