ஆக்டேவ் பெடலும் வாய்க்கொழுப்பும்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. "பேஸ் வாசிக்கிறது என்னடா பெரிய வித்தை? காலடியில ஒரு பெட்டி வாங்கிப் போட்டா உன் வேலையை அது பாத்துட்டுப் போகுது" என்று அவள் புருஷன் தன் சொந்தத் தம்பியைப் பார்த்து, ஒத்திகைக்கு நடுவில், ட்ரம்ஸ்காரர் முன்னாடியே சொல்லிவிட்டான். தம்பி பேஸ் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போனவன்தான். மூன்று வாரம் ஆச்சு, எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புருஷன் பகலில் லிஃப்ட் மெக்கானிக், சாயங்காலம் கிட்டார். அவள் பாடுகிறவள். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு ஓட்டலில் இவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார்கள். பிடித்துவிட்டால் வாராவாரம் அந்த மேடை இவர்களுக்குத்தான். எட்டு வருஷமாக யார் யார் பிறந்தநாளிலோ மூலையில் நின்று, சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்துப் பாடியவளுக்கு அது லேசுப்பட்ட விஷயமா? "தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். "பெட்டி வாங்கிட்டா முடிஞ்சுது" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம்! காப்பாற்ற வேறு நல்ல சொல்லே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பெட்டி என்றால் ஆக்டேவ் பெடல். கிட்டாரில் எந்த ஸ்வரத்தை வாசித்தாலும், அதையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, பேஸ் மாதிரி கூடவே ஒலிக்க வைக்கும். நல்லது வாங்க வேண்டுமென்றால் வீட்டுச் செலவில் கைவைக்க வேண்டும். அதனால் சல்லிசாகத் தேடினான்.

முதல் பெடலை ஆன்லைனில் வாங்கினான். வந்து சேர்ந்ததும் ஆசையாகக் காலால் அமுக்கினான். கீழே இறங்க வேண்டிய சத்தம் மேலே ஏறிக் கிறீச்சென்று கத்தியது. அது ஸ்தாயியை ஏற்றுகிற பெடலாம். "மேல போறதா கீழ போறதான்னு பாக்காம வாங்குவாங்களா? நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே?" என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றான்.

இரண்டாவதைக் கடையிலேயே வாசித்துப் பார்த்து வாங்கினான். "பிரமாதம்" என்றான். வீட்டில் முதல் பாட்டுக்கு நாலு கம்பியைச் சேர்த்து ஒரு கார்டு வாசித்ததும், பெடல் வாய் கொப்பளிக்கிற மாதிரி கொளகொளவென்றது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தைத்தான் அதனால் பிடிக்க முடியுமாம். கடையில் ஏன் தெரியவில்லை? ஏனென்றால் மகாராஜா அங்கே கார்டே வாசிக்கவில்லை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், விடுவானா? தன்னுடைய வேகமான சோலோவை, ஒவ்வொரு ஸ்வரமாக, கண்ணை மூடிக்கொண்டு வாசித்திருக்கிறான். பெடலைச் சோதிக்கப் போனானா, பவிசு காட்டப் போனானா? அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவளே கூடக் கிளம்பினாள். "நான் பாடறேன், வெள்ளிக்கிழமை வாசிக்கப்போறத அப்படியே வாசிங்க. சோலோ கீலோன்னு ஆரம்பிச்சீங்க, அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்" என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் பாவம், பொறுமைசாலி. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த பெடல் ஒன்றை எடுத்து வைத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, விலையும் கட்டுப்படியானது. "கார்டு எல்லாம் தாங்கும் சார்." தாங்கியது. முதல் பாட்டு போனது, இரண்டாவதும் போனது. கீழே கனமாக ஒரு சத்தம் கூடவே வந்தது. புருஷன் மீசைக்குள் சிரித்தான். அவளுக்கும், பொய் சொல்வானேன், அப்பாடா என்றிருந்தது.

மூன்றாவது பாட்டு அவள் குரலில் தொடங்கும். ஆரம்பித்தாள். கீழே ஒன்றுமே இல்லை. இரண்டு வரி போவதற்குள் சுருதி நழுவியது, நிறுத்திவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றான்.

"கீழ சத்தம் எங்க?"

"நான் இன்னும் சேரலையே. முதல் எட்டு வரிக்குக் கிட்டார் கிடையாது. நான் தண்ணி குடிப்பேன்."

கிட்டார் சும்மா இருந்தால் பெடலும் சும்மாதான் இருக்கும். அந்த எட்டு வரிக்கும் அவள் குரலும் கொழுந்தனின் பேஸும் மட்டும்தான். அவளுக்கே இப்போதுதான் உறைத்தது.

"கிட்டார் சத்தத்தை முழுசாக் குறைச்சுட்டு, கீழ்ச் சத்தத்தை மட்டும் விடலாம் சார். பேஸ் மாதிரியே இருக்கும்" என்று கடைக்காரர் ஒரு திருகைத் திருப்பினார்.

"அவ்வளவுதானே, அவன் வாசிக்கிறத நானே வாசிச்சிடறேன்" என்று விரலைக் கம்பியில் வைத்தான். வைத்தவன் வைத்தபடி நின்றான். ஒரு ஸ்வரத்தைத் தட்டினான், அது இல்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. அவளைப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. போனை எடுத்துக் கொழுந்தனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, புருஷன் கையில் திணித்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"நான்தாண்டா" என்றான் புருஷன். "மூணாவது பாட்டு ஆரம்பத்துல நீ என்ன வாசிப்பே?"

அடப்பாவி! மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால் ஸ்வரம் கேட்கிறான். அவளுக்குப் போனைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

"எட்டு வருஷம் பக்கத்துல நின்னியே அண்ணா, உனக்குத் தெரியாதா?"

புருஷனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "தெரியலடா" என்றான் கடைசியில். "நான் கேட்டதே இல்ல."

"என்னது? கேக்கல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நல்லாச் சத்தமாத்தானே பேசினே?"

புருஷன் கடையைச் சுற்றிப் பார்த்தான். கீபோர்டு பார்க்க வந்த இரண்டு பேர் திரும்பி நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னான்: "சார், என் தம்பி எட்டு வருஷமா என் பக்கத்துல நின்னு வாசிக்கிறான். அவன் என்ன வாசிக்கிறான்னு நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்ல. அவன் இல்லாம இவளால பாட முடியல. என்னாலயும் முடியல."

கடைக்காரர் அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ பெடல் வேண்டாமா சார்?"

"வேண்டாம்னு சொல்லுங்க அண்ணி" என்றது போன். "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"