சிவப்புக் கிளிப்

அந்தக் கட்டடத்தின் மாடிப்படி நடுவே உச்சியிலிருந்து தரைவரை ஒரு கயிறு தொங்கும். மாடிக்கு ஒன்றாக அதில் சின்ன மணிகள் கட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்டர்நெட்டுக்காகக் கட்டியது அது.

ஆறு வீட்டுக்கும் ஒரே இணைப்பு. அதன் பெட்டி இருந்தது தரைத்தளத்தில், லைன்மேன் வீட்டில். வேலையில் இருந்தவரை தெருத்தெருவாகத் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். ஓய்வு பெற்றதும் கட்டடத்துக்குள் இழுத்தார். ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் போட்டால் ஒருவருக்கும் ஓடாது, திரையில் வட்டம்தான் சுற்றும். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து அதற்கு ஒரு வழி செய்தார். அவசர வேலை உள்ளவர் அவர் வீட்டில் வந்து அந்தச் சிவப்புக் கிளிப்பை வாங்கிக் கயிற்றில் மாட்டி ஒரு இழு இழுக்க வேண்டும். மணி குலுங்கியதும் மற்ற வீடுகள் கையைக் கட்டிக்கொள்ளும். முதலில் நிறுத்துவது பெட்டி இருக்கிற வீடாக இருக்கும்.

"பெட்டி நம்ம வீட்ல இருக்குன்னா நாம வாட்ச்மேன், முதலாளி இல்ல" என்பார் மனைவியிடம். பத்து வருடத்தில் ஒருநாள்கூட அந்த வீட்டுக்காக அந்தக் கிளிப் ஏறியதில்லை.

அவர் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கிளிப் இப்போது அவள் வீட்டு ஆணியில் தொங்கியது.

அன்று மூன்றரை மணிக்கு வெளியூரிலிருந்து மகன் பேசினான்.

"அம்மா, அப்பா வீடியோவெல்லாம் இறக்கிட்டியா? இன்னிக்கு அஞ்சு மணியோட அந்த ஆப்பை மூடுறாங்கம்மா."

லைன்மேனுக்கு எழுத்துத் தட்டப் பொறுமை கிடையாது. கட்டடத்தாருக்கு எதைச் சொல்வதானாலும் போனை முகத்துக்கு நேரே பிடித்து அந்த ஆப்பில் பேசி அனுப்பிவிடுவார். பாதி நெற்றியும் சுற்றுகிற மின்விசிறியும்தான் தெரியும். மற்றவர்கள் போனில் அது ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும். அவர் கணக்கில் மட்டும் தங்கும். மூடப்போகும் செய்தி அவர் போனுக்கு மூன்று முறை வந்திருந்தது. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று அவள் தள்ளிப்போட்டாள். திறந்தால் குரல் வருமே என்ற பயம்.

இப்போது திறந்தாள். நாற்பத்தொன்று இருந்தது. ஒன்றையும் கேட்காமல் இறக்க ஆரம்பித்தாள். வெளியே மழை, எல்லாரும் வீட்டில். நத்தை மாதிரி ஊர்ந்தது. பதினைந்து நிமிடத்தில் மூன்று இறங்கின.

நான்காவது இறங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் மாடி பஸ் டிரைவர் கதவைத் தட்டினார். தலையை எண்ணெய் வைத்து வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"அக்கா, கிளிப்பு குடுங்க. லைசென்ஸ் புதுப்பிக்கிற பரீட்சை, நாலு மணிக்கு ஆன்லைன்ல. ரெண்டு தடவை பாதில கட்டாகி ஃபெயில்னு போட்டுட்டான். இந்தத் தடவையும் போச்சுன்னா வண்டியத் தொட விடமாட்டாங்க."

அவள் வாய் திறந்தாள். என்ன சொல்வது? செத்துப்போனவர் நெற்றியைப் பார்க்க வேண்டும் என்றா?

"முக்கால் மணி நேரந்தானே தம்பி?"

"அவ்ளோதான்க்கா."

கிளிப்பைக் கொடுத்தாள். மணி குலுங்கியது. போனில் நிறுத்து என்ற பொத்தானை அவளே அழுத்தினாள். முதல் மாடி டெய்லரம்மா, "யாருப்பா அது, என் சீரியலோட கழுத்த அறுக்கிறது?" என்று படியில் கத்திவிட்டு அடங்கினாள். கீழே லைன்மேன் மனைவி கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நாலே முக்காலுக்கு டிரைவர் கிளிப்பும் கையுமாகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்.

"பாஸு! நாப்பதுக்கு முப்பத்தெட்டு! பாதசாரிக்கு வழி விடுறதுல ரெண்டு போச்சு."

"அங்கதான் போகணுமா? நல்ல வேளை, நான் பஸ்ல ஏறுற ஆளு" என்றாள் அவள். சிரித்தாள் என்றுதான் நினைத்தாள், கண் நிறைந்துவிட்டது.

டிரைவரின் பார்வை மேசைமேல் இருந்த போனுக்குப் போனது. நின்றுபோன திரையில், அந்த நெற்றி.

"அண்ணனோடதா? எத்தனை மணிக்குள்ள?"

"அஞ்சு."

"அடக் கடவுளே. ஏன்க்கா வாயைத் தொறக்கல?"

"நம்ம வீட்டுக்கு கிளிப் போடுற வழக்கம் இல்லையே தம்பி."

அவர் கிளிப்பை அவள் கையில் வைத்தார். அவள் படிக்கட்டுக்குப் போய்க் கயிற்றில் மாட்டி இழுத்தாள். பழக்கமில்லாத கை; மணிகள் தாறுமாறாக அடித்தன.

"மறுபடியுமா?" என்று டெய்லரம்மா எட்டிப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்திருப்பது யாரென்று தெரிந்ததும் திரும்பி வீட்டுக்குள் கத்தினாள். "டிவிய நிறுத்துங்க! போனையும் வைங்க! பெட்டிக்கார வீடு கேக்குது!"

ஒவ்வொரு மாடியாகச் சத்தம் அடங்கியது. மழை மட்டும் கேட்டது.

இப்போது வீடியோக்கள் கொட்டின. பத்து, பத்தொன்பது, முப்பது. முப்பத்தெட்டில் திரை வெளுத்து, சேவை முடிந்தது என்ற வரி வந்தது. மூன்று போய்விட்டன. எந்த மூன்று என்று இனி யாருக்கும் தெரியாது.

கடைசியாக இறங்கியதைத் திறந்தாள். விசிறி, நெற்றி, ரகசியம் பேசுவதுபோல் தணிந்த குரல்.

"எல்லாரும் கவனிங்க. கிளிப் வேணும்னா இன்னிக்குக் கதவத் தட்டாதீங்க. இவ ராத்திரி பூரா இருமிக்கிட்டே இருந்தா, இப்பதான் கண்ணசந்திருக்கா. கிளிப்ப கதவுலயே மாட்டி வெச்சிருக்கேன். சத்தம் போடாம எடுத்துட்டுப் போங்க."

அந்த இருமல் அவளுக்கு நினைவில்லை.

ஐந்தேகாலுக்கு டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, முடிஞ்சுதா? கிளிப்ப எடுக்கலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் தம்பி" என்று அடுத்த வீடியோவைத் திறந்தாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.