பெயரை மட்டும் மாற்று

கண்ணாடித் தடுப்புக்குள் இரண்டு கைகளையும் விட்டு அவள் தட்டுகளில் வளரும் செல்களுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். லேப்பில் அதை அப்படித்தான் சொல்வார்கள். பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான புதுத் திரவத்தை விட வேண்டும். தவறினால் செத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவற்றுக்குத் தெரியுமா என்ன?

கைதான் வேலையில் இருந்தது, கண் கடிகாரத்தில். மணி மூன்று. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி வேலைக்கு ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. பிஎச்டி முடித்து நான்கு வருஷத்துக்குள் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். அவளுக்கு அடுத்த மாதத்தோடு நான்கு முடிகிறது. எல்லாம் அனுப்பியாகிவிட்டது. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அவள் வீட்டுக்காரர் காலையிலிருந்து இரண்டு தடவை "ஆச்சா?" என்று போனில் கேட்டுவிட்டார்.

அந்த லேப்பில் பரிந்துரைக் கடிதத்தை யாருக்கு வேண்டுமோ அவர்களே எழுதிக்கொண்டு போக வேண்டும். பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். வெட்கத்தை விட்டு, தன்னைத் தானே இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதி, பத்து நாள் முன்பே அவர் மேஜையில் வைத்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் "பாக்கறேம்மா" என்பார்.

"அக்கா, சார் கூப்பிடறார்," என்றாள் ஜூனியர் பெண். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இவள் ஓடினாள்.

கடிதம் அவர் கையில் இருந்தது. "இப்பதான் படிச்சேன். பிரமாதமா எழுதியிருக்கே."

"கையெழுத்து மட்டும்தான் சார். அஞ்சு மணிக்குள்ள..."

"உக்காரு. 'இவர் இல்லாமல் இந்த ஆய்வகம் ஒரு நாள்கூட ஓடாது'ன்னு போட்டிருக்கே. உண்மைதானே? எனக்கே தோணல பாரு. நீ போயிட்டா அந்த செல்லையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

மூன்று நாள் யோசித்து எழுதிய வரி அது. "சார், அது சும்மா எழுதினது. யார் வேணா பாத்துக்கலாம்."

"அப்ப பொய்யா?" என்று சிரித்தார். "அடுத்த வருஷம் போலாம்மா."

"அடுத்த வருஷம் எனக்குத் தகுதியே கிடையாது சார்."

"ஏதாவது வழி இருக்கும். உன் வேலைய இன்னும் ஆறு மாசம் நீட்டச் சொல்லியிருக்கேன்." நல்லது செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "ஆங், நம்ம ஜூனியர் அங்க பிஎச்டிக்குப் போட்டிருக்கா. அவளுக்கும் இன்னிக்குத்தான் கடைசி. இதுலயே பேரை மட்டும் மாத்தி, என் மெயில்லேருந்து அனுப்பிடு. நீ எழுதினா கெடைச்ச மாதிரிதான்."

வாயைத் திறந்தால் அந்த ஆறு மாதமும் போய்விடும் என்று அவர் கணினி முன் உட்கார்ந்தாள். அவருடைய மெயிலில் பரிந்துரை கேட்டு இரண்டு ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அனுப்பிய மெயில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது இவளுடைய விண்ணப்பத்துக்கு, கீழே இருந்தது ஜூனியருடையதற்கு. அவர் கையெழுத்தும் படமாக அதே கணினியில் இருந்தது. பேராசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து இடத்தில் தன் பெயரை அழித்து அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டாள். நான்கு வருஷ அனுபவம் என்றிருந்ததை இரண்டு என்று திருத்தினாள். 'இவர் இல்லாமல் இந்த ஆய்வகம்' என்று தொடங்கும் வரியை, அவளாவது போகட்டும் என்று, முழுதாக எடுத்துவிட்டாள். அனுப்பினாள்.

புதுக் கையுறை மாட்டிக்கொண்டு மிச்சமிருந்த தட்டுகளுக்கு வந்தாள். ஐந்து மணிக்குக் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கைகளும் தடுப்புக்குள் இருந்ததால் எடுக்க முடியவில்லை.