சுத்தமான சாம்பிள்

ரத்தமாக வயிற்றுப்போக்கு போய், ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாகப் பிழைத்துக் குழந்தை வீடு வந்ததும் குடும்பம் செய்த முதல் வேலை, பழியை யார் தலையில் போடலாம் என்று பார்த்ததுதான். அம்மா வேலைக்குப் போனபின் பகலில் ஊட்டிவிடுவது அத்தை. அப்புறம் வேறு தலை எதற்கு?

"அண்ணி, கையக் கழுவிட்டுத்தான ஊட்டுனீங்க?" என்று நாத்தனாரைக் கேட்டதோடு அம்மா நிற்கவில்லை. அவள் குடல் கிருமிகளின் மரபணுவைப் படிக்கிற ஆராய்ச்சிக்காரி. அண்ணியின் மலத்தையே கேட்டு வாங்கிப் போய்ச் சோதித்தாள். கிருமி இல்லை.

"இன்னிக்கு இல்லன்னா அன்னிக்கு இருந்திருக்கும்," என்றாள்.

அதன்பிறகு அண்ணி அந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

குழந்தையிடம் எடுத்த கிருமி எப்படிக் குடல் சுவருக்குள் நுழைகிறது என்று பார்க்கும் வேலையும் அம்மாவிடமே வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் சாம்பிள் ஒன்று வேண்டும். அதற்காக ஆய்வகத்தில் யாரும் ஊரெல்லாம் அலைவதில்லை. அவரவர் கொடுத்தது ஃப்ரீசரில் இருக்கும். குழந்தை நோயில் படுப்பதற்கு வெகு முன்பே தான் கொடுத்து வைத்ததை எடுத்துச் சோதனைக்குப் போட்டாள்.

அதில் கிருமி இருந்தது.

"ரெண்டையும் கலந்துட்டியா?" என்று கூட வேலை செய்கிறவன் மேல் பாய்ந்தாள். பாவம், அவன் முதலிலிருந்து திரும்பச் செய்தான். மறுபடியும் அதேதான். திரையில் இரண்டு கிருமிகளின் மரபணுவும் எழுத்துக்கு எழுத்து பொருந்தி நின்றன. குடல் சுவருக்குள் நுழைய உதவும் மரபணுக்கள் அத்தனையும் அவளுடையதிலும் அப்படியே இருந்தன. அவள் வயிற்றில் சாதுவாகக் குடியிருந்தது, பிள்ளையின் பிஞ்சுக் குடலில் போய்க் கைவரிசையைக் காட்டியிருக்கிறது.

"உங்க உடம்புக்கு அது பழகிப்போச்சு. மருந்து எடுத்தா போயிடும்," என்றான் அவன்.

அவள் காதில் அது ஏறவில்லை. அண்ணியின் முகம்தான் கண்முன் நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் குழந்தையோடு அண்ணி வீட்டுக்குப் போனாள். கதவு திறந்ததும் "அத்தை!" என்று குழந்தை பாய்ந்தது. அண்ணி சட்டென்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"அண்ணி, கிருமி என்கிட்டருந்துதான் போயிருக்கு. உங்க மேல தப்பே இல்ல. அபாண்டமா சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி அவளைப் பார்க்கவே இல்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நான் தூக்கலாமா?"