சாப்பாட்டு ஹாரன்

"கல்லுல பேரப் பார்த்தா புள்ள எழுந்து வந்துடுவானா? நீ வேணும்னா போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டப் போய்விட்டார் கணவர். கல்லுளிமங்கன்! எல்லையில் செத்த மகன் பெட்டியில் வந்திறங்கிய அன்றும் அந்தக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்தபடியேதான் அவள் தனியாக நினைவிடத்துக்கு வந்தாள்.

மகன் பெயர் சுவரில் உயரத்தில் இருந்தது. எக்கித் தொட்டாள். வெயிலில் கல், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. கையை எடுக்க மனம் வரவில்லை.

அப்போது ரோட்டில் ஒரு பஸ் குட்டையாக இரண்டு ஹாரன் அடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அது சாப்பாட்டு ஹாரன். முன்பெல்லாம் மதிய டிரிப்பில் அவர் தெருமுனையில் அப்படித்தான் அடிப்பார். மகன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடி, டிரைவர் ஜன்னலில் நீட்டுவான். "அப்பா பசிதான் எனக்கு ஓட்டம் சொல்லித்தர்ற கோச்சு" என்று சிரிப்பான். அந்த ஓட்டம்தான் அவனைப் பட்டாளத்தில் சேர்த்தது. அவன் போனபிறகு அவர் காலையிலேயே கேரியரை எடுத்துப் போய்விடுவார். தெருமுனையில் ஹாரன் நின்றுபோனது.

காவலாளி அலுத்துக்கொண்டார். "ஹாரன் அடிக்கக் கூடாத இடம்மா இது. இந்த ஒரு டிரைவர் மட்டும் தினம் அடிச்சிட்டுப் போறாரு. சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு. கம்ப்ளெயின்ட் பண்ணத்தான் போறேன்."

"பண்ணாதீங்க தம்பி" என்றாள். "அவரு புள்ளையக் கூப்பிடுறாரு." அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் அவர், "பார்த்தியா?" என்றார். "ம்" என்றாள்.

மறுநாள் காலை, "சமையல் இன்னும் ஆகல, நீங்க கிளம்புங்க" என்று வெறுங்கையோடு அனுப்பினாள். மதியம் கேரியரோடு நினைவிடத்து வாசலில், ரோட்டோரமாகப் போய் நின்றாள்.

பஸ் வந்தது. ஒரு ஹாரன் கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை.

ஸ்டாப்பே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. டிரைவர் ஜன்னல் அவளுக்கு எட்டவில்லை. நேற்றுப் போலவே எக்கி, கேரியரை உயர்த்திப் பிடித்தாள். மேலேயிருந்து ஒரு கை இறங்கி, கேரியரோடு சேர்த்து அவள் விரல்களையும் பிடித்துக்கொண்டது.

கண்டக்டர் விசில் அடித்தார். மறுபடியும் அடித்தார். பஸ் நகரவில்லை.