இரண்டு கையெழுத்து நிலம்

வெள்ளாயணிச் சதுப்பில் பகவதிப்பெருமாளை வரப்பின்மேல் நிறுத்தி, "இந்த நிலத்தை ஏன் அண்ணாச்சி விக்காம வச்சிருக்கீங்க?" என்று திவ்யலட்சுமி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மூன்றாவது தடவையும் அதே பதில்தான்.

"எனக்க தம்பி கையெழுத்துப் போடமாட்டேங்கான் பிள்ளே."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சதுப்புகளைக் காப்போம் என்று ஊருக்குச் சொல்ல எடுக்கிற படம். சுற்றிலும் தாமரையும் நீலக்கோழியுமாகக் கண்ணைப் பறிக்கிறது. 'விக்கமாட்டேன்' என்று நிலத்துக்காரர் வாயால் ஒரு வார்த்தை வந்தால், அக்கம்பக்கத்தில் நாலு பேராவது மண்ணடித்து நிரப்புவதற்கு முன் யோசிப்பார்கள். இவரோ உண்மையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்கிறார்.

உண்மை அதுதான். சாலைக் கடைத்தெருவில் அண்ணனுக்கு அரிசிக்கடை; நேர் எதிரே தம்பி பத்மகுமாருக்குப் பாத்திரக்கடை. அப்பா விட்டுப்போன இந்த நிலம் இருவருக்கும் பொது. அண்ணன் விற்கலாம் என்றால் தம்பி மாட்டார், தம்பி விற்கலாம் என்றால் அண்ணன் மாட்டார். பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. எதையாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் மூட்டை தூக்கும் வேல்சாமியைப் பார்த்து உரக்கச் சொல்வார்கள், எதிர்க்கடைக்குக் கேட்டுவிடும். இந்த வீம்பில் பிழைத்தவை நீலக்கோழிகள்.

நாலாவது தடவை கேட்க வாயெடுத்தபோது ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. சாட்சாத் பத்மகுமார்.

"நெலத்துக்காரர்னு அவரு மட்டும் படத்துல நிக்கவா? பாதி எனக்குள்ளதாக்கும்!" என்று காமிராவிடம் முறையிட்டபடி வரப்பில் ஏறினார். ஏறினவர் வழுக்கினார். "லேய், பாத்து!" என்று அண்ணன் கையை நீட்ட, பிடித்த கையோடு இருவரும் சேற்றுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

"அடி பட்டுச்சாலே?"

"இல்லண்ணே."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். திவ்யலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைப்பதற்குள் அண்ணன் சொன்னார்:

"நாமதான் ராசியாயாச்சே. நாளைக்கே புரோக்கரை வரச் சொல்லட்டா?"

"சொல்லுங்கண்ணே. எங்க கையெழுத்துப் போடணும்?"

காப்பாற்ற வந்தவளே விற்றுக்கொடுத்த கதையாகிவிட்டதே! பாவம் என்று தெரிந்தேதான் அவள் அடுத்ததைச் செய்தாள். ஒன்றும் அறியாத பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்கள்ல யாரு அண்ணாச்சி யாரைத் தள்ளிவிட்டது?"

"இழுத்தது இவனாக்கும்."

"நானா? கையை நீட்டித் தள்ளுனது யாரு?"

"பிடிக்க வந்தவன் தள்ளுவேனாலே?"

"சின்னதுல கோயில் குளத்துல தள்ளுனது மறந்துபோச்சோ?"

"அதை இப்பமா கேக்கது? இவங்கூடச் சேந்து கையெழுத்தா! உயிருள்ளவரை இந்த நெலத்தை விக்கமாட்டேன்!"

"நானும் விக்கமாட்டேன்!" என்றார் தம்பி, காமிராவைப் பார்த்து, நெஞ்சில் சேற்றுக்கையால் அடித்துக்கொண்டு.

இந்தக் கோலத்தில் எந்த ஆட்டோக்காரனும் ஏற்றமாட்டான். அண்ணன், தம்பியின் ஸ்கூட்டரில்தான் ஏறவேண்டியிருந்தது. ஏறியும் சண்டை ஓயவில்லை; கோயில் குளத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது, வேல்சாமி இல்லாமல், நேருக்கு நேராக.

வண்டி கிளம்பும்போது அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளே, நாளைக்கும் படம் பிடிக்க வருவியா?"

"வரணுமா அண்ணாச்சி?"

"வா. இவன்ட்ட கேக்க இன்னும் நெறைய கெடக்கு."